உப்பில் ஊன்றிய கம்பி

தூத்துக்குடியில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: சின்ன வயசில் வீட்டில் ஓடியது சென்னை வானொலி இல்லை, இலங்கை வானொலி. பி.எச். அப்துல் ஹமீதையும் கே.எஸ். ராஜாவையும் சொந்தக்காரர் மாதிரி பேசுவார்கள். ஏன் என்று கேட்டால் “அதுலதான பாட்டு போடுவான்” என்பது பதில். அதுவும் சரிதான். 1952-ல் அமைச்சர் கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டியதும், அந்த இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்டதும் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் பாட்டு போட்டால் மட்டும் போதாது, அது இங்கே வந்து சேரவும் வேண்டும். பட்டப்பகலில், ஒரு சாதாரண மீடியம் வேவ் பெட்டியில், வேறு நாட்டு நிலையம் உள்ளூர் நிலையம் போலக் கேட்டது எப்படி?

விடை வரைபடத்தில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 530 கிலோமீட்டர், பெரும்பகுதி தரை. கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுக்கக் கடல். பகலில் மீடியம் வேவ் அலைகள் பூமியின் மேற்பரப்பை ஒட்டியே நகர்கின்றன. போகிற வழி மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் அலை சேதாரமின்றிப் போகும், இல்லையென்றால் வழியிலேயே மண் தின்றுவிடும். கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு சுமார் 5 சீமென்ஸ். சராசரி நிலத்துக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டின் காய்ந்த செம்மணல் அதைவிடவும் மோசம். ஆக, ராஜாவின் குரலை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது மன்னார் வளைகுடாவின் உப்பு.

இந்த உப்புதான் இந்தக் கட்டுரையின் விஷயம். முத்தும் சங்கும் கப்பலும் பற்றி இந்தக் கரையைக் குறித்து நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வானொலிப் பொறியியலின் கண்ணால் பார்த்தால் இது வேறொரு கரை. செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பிக்கு இந்தியாவில் இதைவிட நல்ல இடங்கள் அதிகம் இல்லை.

ஏன் செங்குத்து? 1895-ல் மார்க்கோனி இத்தாலியில் தன் அப்பாவின் தோட்டத்தில் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். அதுவரை எல்லோரும் ஹெர்ட்ஸ் காட்டிய வழியில், இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே பொறி விட்டுக்கொண்டிருந்தார்கள். மார்க்கோனி ஒரு முனையை உயரத்தில் தூக்கினார், மறு முனையை மண்ணில் புதைத்தார். சில நூறு மீட்டர் போன சமிக்ஞை கிலோமீட்டர் கணக்கில் போக ஆரம்பித்தது. காரணம் பிறகு விளங்கியது. நன்றாகக் கடத்தும் தரை ஒரு கண்ணாடி. மேலே நிற்கும் கம்பியின் பிம்பம் கீழே விழுகிறது. நட்டது பாதி ஆன்டெனா, மீதிப் பாதியைப் பூமி தருகிறது. அதனால் அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருந்தால் போதும்.

பூமி எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தருவதில்லை என்பதுதான் சிக்கல். அதற்கான மருந்து 1937-ல் வந்தது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் மண்ணில் செம்புக் கம்பிகளைச் சக்கரத்தின் ஆரங்கள் போலப் புதைத்து, எத்தனை கம்பிக்கு எவ்வளவு பலன் என்று பொறுமையாக அளந்தார்கள். 120 கம்பிகள் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. உலகெங்கும் மீடியம் வேவ் கோபுரங்களுக்குக் கீழே அப்படியொரு செம்பு வலை புதைந்திருக்கிறது. நாம் பார்ப்பது கோபுரத்தை மட்டும்தான்.

இலங்கை வானொலிக்கு இந்தியா சொன்ன பதிலும் இதே கரையிலிருந்துதான் போனது. தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் சக்தியுள்ள ஒலிபரப்பியை ஆகாசவாணி நிறுவியது. அதிலிருந்து தமிழிலும் சிங்களத்திலும் இலங்கைக்கு நிகழ்ச்சிகள் சென்றன. அந்த அலைநீளம் 285 மீட்டர், கால் பங்கு 71 மீட்டர். இனப்பிரச்சினை எரிந்துகொண்டிருந்த தீவோடு பேச டெல்லிக்கும் இந்த உப்புநீர்ப் பாதைதான் வாகாக இருந்தது.

உப்புக்கு இன்னொரு முகம் உண்டு. அலையை மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகவிடும் அதே குணம், அதை உள்ளே விடாது. 14 மெகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் ஆறு சென்டிமீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு சாண் ஆழத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. முத்துக்குளித்த காலத்தில் பாருக்கு மேல் படகு நிற்கும். கல்லைக் காலில் கொடுத்து இறங்குகிறவருக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றை ஆட்டினால் தூக்கு என்று அர்த்தம். கயிற்றின் மறு முனையைப் பிடித்திருப்பவர் உயிரைப் பிடித்திருப்பவர் என்பதால், நம்பிக்கையான சொந்தக்காரரைத்தான் அந்த இடத்தில் நிறுத்துவார்கள். 1961-ஓடு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்புகள் முடிந்துபோயின. அதற்குள் வானொலி வந்து அறுபது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கயிற்றுக்கு மாற்று வரவில்லை. வரவும் முடியாது, நடுவில் இருப்பது உப்புநீர்.

நீருக்கடியில் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் 1990 முதல் இயங்குகிறது. மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. அலைவரிசை 20 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே. அந்த அளவுக்குத் தாழ்ந்தால்தான் அலை சில மீட்டராவது கடலுக்குள் இறங்கும். 2014-ல் அங்கே எழுப்பிய இரண்டு கோபுரங்களின் உயரம் 471 மீட்டர், நாட்டிலேயே மிக உயரமான கட்டுமானங்கள். இவ்வளவு இருந்தும் அந்த அலைநீளத்துக்கு அவை குட்டை. கால் அலை என்று கணக்குப் போட்டால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் வரும். அதனால் உச்சியில் குடை போலக் கம்பிகளை விரித்து, அடியில் பெரிய சுருள்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். காரின் மேல் ஒன்றரை மீட்டர் கம்பியை நட்டு 7 மெகாஹெர்ட்ஸில் பேச நினைக்கும் ஹாம் செய்வதும் இதையேதான். தலைக்கு ஒரு தொப்பி, இடுப்புக்கு ஒரு சுருள். இயற்பியல் கடற்படைக்கென்று தனிச் சலுகை தருவதில்லை.

ஹாம் என்று சொல்லிவிட்டேன். காசு வாங்காமல், அரசு உரிமத்தோடு, சொந்தக் கருவியில் பிற நாட்டவருடன் பேசும் பொழுதுபோக்காளர்களுக்கு அந்தப் பெயர். இவர்களுக்கு இன்று உரிமையாக இருக்கும் குறுகிய அலைகள் ஒருகாலத்தில் குப்பை என்று ஒதுக்கப்பட்டவை. டைட்டானிக் மூழ்கிய 1912-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களுக்குத் துரத்தியது. அங்கே போனால் ஊர் எல்லையைக் கூடத் தாண்ட முடியாது என்று நினைத்தார்கள். 1923 நவம்பரில் 100 மீட்டரை ஒட்டிய அலைகளில் இரண்டு அமெரிக்க அமெச்சூர்களும் ஒரு பிரெஞ்சுக்காரரும் அட்லாண்டிக்கைக் கடந்து பேசினார்கள். வானத்தில் அயனிமண்டலம் என்றொரு கண்ணாடி இருப்பதும், குறுகிய அலைகள் அதில் பட்டுத் திரும்புவதும் பிறகு தெளிவானது. விஷயம் தெரிந்ததும் அரசுகளும் கம்பெனிகளும் அந்தக் குப்பைமேட்டுக்கு ஓடிவந்தன. அமெச்சூர்களுக்குச் சில கீற்றுகள் மிஞ்சின.

நம் பக்கம் இந்த ஆர்வம் தாமதமாக வரவில்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அதே வருடம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பையும் ஆரம்பித்தார். பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. கருவியை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. சென்னையில் அரசு வானொலிக்கு முன்னோடி அமெச்சூர்கள்தான்.

ஆனால் அரசுக்கும் தனிமனிதனின் கம்பிக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. 1939-ல் போர் வந்ததும் பிரிட்டிஷ் இந்தியா அமெச்சூர் உரிமங்களை முடக்கியது. 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் நடத்திய காங்கிரஸ் ரேடியோவுக்குக் கருவி கட்டிக்கொடுத்த நரிமன் பிரிண்டர் முன்பு அமெச்சூராக இருந்தவர். அந்த நிலையம் 42.34 மீட்டரில் ஒலித்தது, இன்றைய 40 மீட்டர் ஹாம் அலைவரிசைக்குள்ளேயே விழும் இடம். கால் அலை கம்பி பத்தரை மீட்டர், ஒரு மொட்டைமாடிக்கு அடங்கும் அளவு. போலீஸ் மோப்பம் பிடிக்கப் பிடிக்க வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். பெயர்த்து எடுத்துக்கொண்டு போகக்கூடிய நிலையம் என்பது அன்று பொழுதுபோக்கு இல்லை, உயிர் பிழைக்கும் வழி. நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். காட்டிக்கொடுத்தது கருவியைக் கட்டிய அதே பிரிண்டர் என்பது அந்தக் கதையின் கசப்பு.

நம் கரையில் இந்தச் சந்தேகத்துக்குத் தனி வரலாறு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பாக் நீரிணைக்கு இரண்டு பக்கமும் வயர்லெஸ் பெட்டி என்றாலே ஒரே அர்த்தம்தான். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்த விசாரணையில் இடைமறித்துக் கேட்ட வயர்லெஸ் செய்திகள் முக்கியமான தடயங்கள். அதற்கப்புறம் கடற்கரையில் கம்பு நட்டு ஹெட்போன் மாட்டி உட்காருவது இங்கே சும்மா செய்கிற காரியம் இல்லை. உரிமத்தின் நகலைப் பையில் வைத்துக்கொண்டுதான் நானும் போகிறேன். ஒருமுறை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர் நின்று பார்த்தார்.

“தம்பி, தூண்டில்ல கம்பியச் சுத்தி என்ன பிடிக்கப்போறீய?”

“ஜப்பான் கிடைக்குமான்னு பாக்கேன் அண்ணாச்சி.”

“நெட்டுல பேசுனா ஆவாதா?”

“நெட்டு போயிட்டா?”

அவர் சிரிக்கவில்லை. கடலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒக்கி அன்னைக்கு இது இருந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர் தூண்டில் என்று சொன்ன சாமானைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது நிஜமாகவே தூண்டில்தான்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கண்ணாடியிழைத் தூண்டில் கம்பு, விரித்தால் ஆறேழு மீட்டர். கார்பன் கம்பு வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டரும் ஒரு விரல்கடையும் நீளமுள்ள மெல்லிய செம்பு வயரைக் கம்பின் அடியிலிருந்து நுனிவரை ஒட்டவேண்டும். அடியில் ஒரு துண்டு பிவிசி பைப், அதில் ஒரு சாக்கெட். நடு முனையில் நிற்கும் கம்பி, வெளி முனையில் அதே நீளத்தில் நாலு ரேடியல் கம்பிகள். இவை நாலு திசையிலும் தரையில் கிடக்கும். பத்து மீட்டர் கோஆக்ஸ் கேபிள், அதைக் கருவியில் சேருமுன் பத்துச் சுற்று சுற்றி ஒரு வளையம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூன்று பக்கம் நைலான் கயிறு கட்டாவிட்டால் கம்பு படுத்துவிடும். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் நிறுத்தி, பத்து நிமிடத்தில் பிரித்து, பைக்கில் கட்டிவிடலாம்.

சுவாரசியம் அளக்கும்போது வருகிறது. ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைச் சொல்லும் எண் எஸ்.டபிள்யூ.ஆர். அது 1 என்று காட்டினால் உத்தமம் என்பது ஹாம்களிடம் வேதவாக்கு. இந்தக் கம்பை வீட்டுக் கொல்லையின் காய்ந்த மண்ணில் நிறுத்தினால் 1 காட்டும். முள்ளக்காடு பக்கம் உப்பளத்தை ஒட்டிய ஈரநிலத்தில் நிறுத்தினால் 1.4-க்கு ஏறிவிடும். ஊருக்குள் நல்லது, அளத்தில் கெட்டது என்றுதானே தோன்றும்? நேர்மாறு. குறையில்லாத தரையில் கால் அலை கம்பியின் மின்தடை சுமார் 36 ஓம். கேபிள் எதிர்பார்ப்பது 50. கொல்லை மண் அலையைத் தின்பதால் ஏற்படும் இழப்பு ஒரு 14 ஓம் போலச் சேர்ந்து கச்சிதமாக 50 ஆகிறது, எண் 1 ஆகிறது, சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மண்புழுவுக்குச் சூடு காட்டப் போகிறது. அளத்தில் அந்தத் திருட்டு இல்லை, 36 அப்படியே நிற்கிறது. பொருத்தம் கொஞ்சம் குறைகிறது, வெளியே போகும் சக்தி கூடுகிறது. சாஃப்ட்வேர் வேலையில் தினமும் டாஷ்போர்டில் பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியடைகிறவனுக்கு இந்த ஒரு எண் நிறையச் சொல்லிக்கொடுத்தது.

உப்பின் பெரிய உபகாரம் இன்னும் தள்ளி, கடல் பக்கம் நடக்கிறது. செங்குத்துக் கம்பி உள்நாட்டு மண்ணின் மேல் நின்றால் அதன் அலை தொடுவானத்திலிருந்து இருபத்தைந்து டிகிரி வாக்கில் எழும்பிப் போகும். அதற்குக் கீழான கோணங்களை மண் விழுங்கிவிடும். எதிரே கடல் கிடந்தால் ஐந்து, பத்து டிகிரியிலேயே பலமாகப் போகும். தாழ்ந்து போகும் அலை தூரமாகப் போய் விழும். தூத்துக்குடி கிழக்கும் தெற்கும் பார்த்த ஊர். இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் பக்கம் எல்லாம் அலை முதலில் கடல்மேல் நடந்துதான் வானம் ஏறுகிறது. ஐரோப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அது தரை வழி. இதற்குக் கம்பு நீர்விளிம்பை ஒட்டி நிற்கவேண்டும். நூறு மீட்டர் உள்ளே தள்ளி காய்ந்த மணலில் நட்டுவிட்டு கடற்கரை ஆன்டெனா என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இனி ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் கன்னியாகுமரியை ஒட்டிக் கடந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியிருக்கவில்லை. செல்போன் கரையோடு நின்றுவிடும். படகுகளில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் நேர்கோட்டில் போகும் அலை. நாலு மீட்டர் உயரத்தில் கம்பி வைத்த இரண்டு படகுகள் பதினேழு கிலோமீட்டருக்கு மேல் பிரிந்தால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கரையில் இருபத்தைந்து மீட்டர் கோபுரம் இருந்தாலும் முப்பதைத் தாண்டாது. தூத்தூர் மீனவர்கள் போயிருந்ததோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு, செயற்கைக்கோளை விட்டால், வானத்தில் பட்டுத் திரும்பும் குறுகிய அலைதான் உண்டு. அதற்குச் சுற்றிலும் கடல் சூழ்ந்த படகைவிட நல்ல தரை கிடையாது. பலர் திரும்பிவரவில்லை. அண்ணாச்சி சொன்னது பொறியியல்படி சரி. சட்டப்படி ஹாம் கருவி மீன்பிடித் தொழிலுக்கானது அல்ல. ஆனால் அதே வகைக் கருவி அவர்களுக்கென்று தனி அலைவரிசையில் ஏன் இல்லை என்பது கேட்கவேண்டிய கேள்வி. ஒக்கிக்குப் பிறகு அரசு செயற்கைக்கோள் வழிச் செய்தி வாங்கும் கருவிகளைக் கொடுக்க ஆரம்பித்தது. எச்சரிக்கையை வாங்கத்தான் அது உதவும், திருப்பிப் பதில் சொல்ல உதவாது.

கம்பி உதவிய சம்பவமும் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து பேச வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த அனுமதி. உலகெங்கும் இருந்து ஹாம்கள் அவரைப் பிடிக்க வரிசையில் நின்றார்கள். 26-ஆம் தேதி காலை சுனாமி. தொலைபேசி போயிற்று. பொழுதுபோக்குக்காக நிறுத்திய ஆன்டெனா அன்றைக்கே அவசர நிலையமாக மாறி, தீவுகளிலிருந்து யார் இருக்கிறார்கள் என்ற செய்தியை நாட்கணக்கில் தலைநிலத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கதையைச் சொல்லி ஒவ்வொரு ஹாமும் ஒரு செங்குத்துக் கம்பு வைத்துக்கொண்டால் போதும் என்று முடிப்பது வழக்கம். அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. பல ஊர்களில் செல்போன் இல்லை, வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்தார்கள். அன்று தேவைப்பட்டது ஜப்பான் இல்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலி, மிஞ்சிப்போனால் மதுரை. செங்குத்துக் கம்பி தன் தலைக்கு நேர் மேலே அலையை அனுப்புவதே இல்லை. பக்கத்து ஊர்க்காரனுக்கு அது ஊமை. ஒரு விடாப்பிடியான தூரப்பார்வை அதற்கு.

பக்கத்து மாவட்டத்தோடு பேசவேண்டுமானால் கம்பியைப் படுக்கவைக்க வேண்டும். இரண்டு பத்து மீட்டர் வயர்களை எதிரெதிரே, இடுப்புக்கு மேலே தலைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸ் அலை நேராக மேலே போய் மழை போல் சுற்றியிருக்கும் முந்நூறு கிலோமீட்டரிலும் விழும். ராத்திரியில் வானத்தின் கண்ணாடி மங்குவதால் 3.5-க்கு இறங்கவேண்டும், வயர் இரட்டிப்பு நீளம். இவற்றுக்குக் கம்பே வேண்டாம். அதனால் என் பையில் இப்போது வெட்டி வைத்திருப்பது பத்து மீட்டர் வயர்கள். ஒன்றை மரக்கிளையில் தூக்கி, மற்றவற்றைத் தரையில் போட்டால் செங்குத்து ஆன்டெனா, கடல் தாண்டும். இரண்டையும் படுக்கவைத்தால் ஸ்ரீவைகுண்டம் தாமிரபரணியைத் தாண்டும். மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்கு: உரிமத் தேர்வு முதலில், கம்பி பிறகு. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் எஸ்.எஸ்.-ஆக வாங்குங்கள். ஜிங்க் பூசியது ஒரு மழைக்காலம் தாங்காது. ஒவ்வொரு முறை கரையிலிருந்து வந்ததும் கம்பையும் வயரையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தபின் சுருட்டவேண்டும். கேபிள் நுனி வழியே உப்பு உள்ளே ஏறினால் ஆறே மாதத்தில் செம்புப் பின்னல் பச்சையாகிப் பொடிந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஸ்.டபிள்யூ.ஆர். அப்போதும் அழகாகத்தான் காட்டும்.